பாயசம் திரிந்ததா, பொங்கல் இறுகியதா? ரங்கூன் அடுப்பில் வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

பால் பாயசத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் செய்முறை தேடினால் கொட்டிக் கிடக்கிறது. முக்கால்வாசி சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் பச்சரிசி வேறு, நம் கடையில் கிடைக்கும் பவ்சான் வேறு. அவர்கள் மண்டை வெல்லத்தை உடைத்துப் போடுகிறார்கள், நாம் தன்யெ என்கிற பனைவெல்லத்தைப் போடுகிறோம். அவர்களுக்குப் பாக்கெட் பால், நமக்குப் பாதி நாள் டின் பால். அவர்கள் கேஸ் அடுப்பைத் திருகித் தீயைக் குறைக்கிறார்கள். நமக்குக் கரி அடுப்பு, இல்லாவிட்டால் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத ரைஸ் குக்கர். அதனால் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் பானையில் வேறு ஏதோ வந்து நிற்கிறது. உடனே "எனக்குக் கைப்பக்குவம் போதாது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் என்ன வாங்கி வந்தீர்கள் என்று பாருங்கள். அடுத்து, எதை எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். இந்த இரண்டைத் தாண்டி வருகிற கோளாறு அபூர்வம்.

உங்கள் பானையில் என்ன ஆகியிருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி வரும்.

இங்கே அரிசியை அளக்க எல்லா வீட்டிலும் காலி டின் பால் டப்பாதான். எட்டு டப்பா ஒரு பியீ, அதாவது பர்மியப் படி. ஒரு டப்பா அரிசி சுமார் 265 கிராம் நிற்கும். பால் பாயசத்துக்கு 1 லிட்டர் பாலுக்குக் கால் டப்பா அரிசி போதும், சர்க்கரை 120 முதல் 150 கிராம். அரிசி இவ்வளவு குறைவா என்று தோன்றும். கூடுதலாகப் போட்டால் அது பாயசம் ஆகாது, பால் சோறு ஆகும். சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு டப்பா அரிசி, கால் டப்பா பாசிப்பருப்பு, தண்ணீரும் பாலும் சேர்ந்து ஐந்து டப்பா, வெல்லம் கால் வீசை. இந்த ஊர் வீசை 1.63 கிலோ என்பதால் கால் வீசை ஏறக்குறைய 400 கிராம். இனிப்பு குறைவாக வேண்டுமானால் 325 கிராமில் நிறுத்தலாம். அதற்குக் கீழே போனால் பொங்கல் சப்பென்று இருக்கும்.

வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிட்டது

அதிகம் பேர் கேட்பது இதுதான், ரங்கூனில் அதிகம் நடப்பதும் இதுதான்.

பாலில் கேசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. புளிப்பு ஏறினால் அது கட்டிக்கொள்ளும். சாதாரணச் சூட்டில் பாலின் பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்குகிற எண்) 4.6 அளவுக்கு இறங்கினால்தான் திரியும். கொதிக்கிற பாலுக்கு அவ்வளவு புளிப்பு வேண்டியதில்லை, கொஞ்சம் இருந்தாலே போதும். எல்லா வெல்லத்திலும் சிறிது புளிப்பு உண்டு, பனைவெல்லத்தில் அது ஏறவும் இறங்கவும் செய்யும். பதநீர் மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது அதைத் தடுக்கத்தான். இறக்கிய பதநீரைக் காய்ச்சத் தாமதமானால் அந்தப் புளிப்பு வெல்லத்திலேயே தங்கிவிடும். சுவைத்துப் பார்த்தால் தெரியாது, பாலுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் இந்த ஊருக்கே உரியது. பகான், மியின்ஜான் பக்கத்திலிருந்து வரும் தன்யெயில் பலவகை உண்டு: வெறும் வெல்லம், தேங்காய் சேர்த்தது, எள் சேர்த்தது, இலந்தைப்பழம் சேர்த்த ஜீ தன்யெ. சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போட்டுக்கொள்ள ஜீ தன்யெ பிரமாதம். பாயசத்தில் போட்டால் எலுமிச்சை பிழிந்த மாதிரிதான். உருண்டையாகப் பிடித்துவைத்தால் எல்லாம் ஒரே பழுப்பு நிறம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரம்மாவிடம் "ஜீ பாதலா?" (இலந்தை சேர்ந்ததா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நல்ல வெல்லமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடி டம்ளரில் இரண்டு கரண்டி கொதிக்கிற பாலை ஊற்றி, சுண்டைக்காய் அளவு வெல்லத்தை நசுக்கிப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரைச் சாய்த்து நிமிர்த்துங்கள். பால் கண்ணாடியில் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் கவலையில்லை. படலத்தில் ரவை ரவையாகப் புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த வெல்லத்தைப் பால் இல்லாத பலகாரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வெல்லம் சரி, ஆனாலும் திரிகிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். அரிசியைத் தண்ணீரில் குழைய வேகவைத்து, வடிகட்டிய வெல்லக் கரைசலை அதில் ஊற்றி, பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஆறட்டும். காய்ச்சி ஆறவைத்த பாலை அப்புறம் ஊற்றிக் கலக்குங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றக் கூடாது. தேங்காய்ப்பாலுக்கும் இதே முறை. முதல் பாலை ஊற்றியபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் அது திரிந்து எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும்.

ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்பார்கள். உண்மைதான், புளிப்பை அது முறித்துவிடும். ஆனால் சிட்டிகை கொஞ்சம் தாண்டினாலும் சவர்க்கார வாடை வரும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

சில சமயம் குற்றம் வெல்லத்தில் இருக்காது, பாலில் இருக்கும். காலையில் வந்த பாலைக் காய்ச்சாமல் பத்து மணி வரை வைத்திருந்தால், இந்தப் புழுக்கத்தில் அது பாதி வழி தயிராகப் போயிருக்கும். பானை முழுவதையும் அடுப்பில் ஏற்றுமுன் ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே திரிந்துவிட்டதா? அதைத் திரும்பப் பாலாக்க முடியாது, மிக்சியில் அடித்தாலும் நாக்கில் மணல் மணலாகத்தான் இருக்கும். கொட்ட வேண்டாம். அகலமான சட்டியில் மாற்றி, நெய் விட்டு, தண்ணீர் சுண்டும்வரை கிளறினால் திரட்டுப்பால் மாதிரி ஓர் இனிப்பு கிடைக்கும். விருந்தாளிக்கு அதுதான் பலகாரம் என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் அரிசி வேகவில்லை

முதல் கேள்வி: சர்க்கரையோ டின் பாலோ முன்னாலேயே போட்டுவிட்டீர்களா? இனிப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசிக்குப் போய்ச் சேர விடாது. இனிப்புக் கரைசலில் அரிசியின் மாவுச்சத்து வேகக் கூடுதல் சூடும் தேவை. அதனால் முக்கால் பதத்தில் இனிப்பைப் போட்டால் அரிசி அந்த முக்கால் பதத்திலேயே நின்றுவிடும், அப்புறம் ஒரு மணி நேரம் கிண்டினாலும் அசையாது. டின் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டின் பால் ஊற்றுவதும் சர்க்கரை கொட்டுவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி துளி தெரிந்தாலும் இன்னும் ஆகவில்லை. மாவாக மசிந்து விரலில் வழுக்கினால் இனிப்பைப் போடலாம். இதைத் தவிர வேறு கணக்கு வேண்டாம், கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

அவசரப்பட்டுப் போட்டாகிவிட்டது என்றால், கொதிக்கும் தண்ணீரை ஒன்றிரண்டு டப்பா ஊற்றி இனிப்பை நீர்க்கச் செய்து, மூடிபோட்டு மெல்லிய தீயில் விடுங்கள். அளவு கூடும், சுண்டக் காத்திருக்க வேண்டும். அப்படியும் பழைய மென்மை வராது, சாப்பிடும்படி ஆகும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: என்ன அரிசி? பவ்சான் என்றால் பயமில்லை. 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்று பட்டம் வாங்கிய அரிசி அது. குட்டையாக, உருண்டையாக இருக்கும், வெந்தால் நீளத்தில் மூன்று மடங்கு வரை ஓடும். மணமும் உண்டு. ஆனால் பழைய பவ்சான் கேட்கிற தண்ணீர் அதிகம். சோற்றுக்குப் பழைய அரிசிதான் உசத்தி என்று கடைக்காரர் கூடுதல் விலை சொல்லி அதைத்தான் நீட்டுவார். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் புது அரிசியைக் கேட்டு வாங்குங்கள். மழைக்கால நெல் அறுவடையாகித் தை மாதத்துக்கு முன்னால் புது அரிசி வந்துவிடும். அது சீக்கிரம் குழையும், பணமும் மிச்சம். பழையதுதான் இருக்கிறது என்றால் அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீரில் அரை டப்பா கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏமத்தா என்று விற்கிற நீள அரிசி மலிவு, ஆனால் வெந்தபின் பருக்கை தனித்தனியாக நிற்கிற குணம் அதற்கு. பாயசத்துக்குப் பரவாயில்லை, பொங்கலுக்குக் கரண்டியால் நன்றாக மசிக்க வேண்டியிருக்கும். புழுங்கலரிசியில் இரண்டுமே வேண்டாம். புழுக்கிக் காயவைக்கும்போதே அதன் மாவுச்சத்து இறுகிப்போயிருக்கும். உடைந்தாலும் உடையுமே தவிரக் குழையாது.

மூன்றாவது: பாலிலேயே நேரடியாக வேகவைக்கிறீர்களா? தண்ணீரில் வேகிற நேரத்தைவிடப் பாலில் நேரம் அதிகம் பிடிக்கும். அரிசியைத் தண்ணீரில் பாதி வேகவிட்டு, தண்ணீர் சுண்டியதும் பாலை ஊற்றினால் நேரமும் மிச்சம், அடியும் பிடிக்காது. ருசியில் பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர்கள் யாரும் என் வீட்டுப் பந்தியில் இல்லை.

மேமியோ, டவுஞ்சி போன்ற மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று கணக்கு. டவுஞ்சி 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே 95 டிகிரியிலேயே தண்ணீர் தளதளக்கும். பார்க்க நன்றாகக் கொதிப்பதுபோல இருக்கும், அரிசிக்குச் சூடு போதாது. அங்கே பிரஷர் குக்கர்தான் வழி.

ரைஸ் குக்கரில் வைத்தேன், நடுவில் கரண்ட் போய்விட்டது

மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே அரிசி இன்னும் கொஞ்சம் வேகும். ஒரு பழைய போர்வையைச் சுற்றிவைத்தால் இருபது நிமிடத்தில் பதம் ஓரளவு ஏறியிருக்கும். கரண்ட் வந்ததும் கொதிக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அரிசியின் வெளிப்பக்கம் விறைத்துக்கொள்ளும், உள்ளே வேகாது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாளில் காத்திருக்காமல் கரி அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். சூடு ஆறி அரைவேக்காட்டோடு இரண்டு மூன்று மணி நேரம் கிடந்த அரிசியைப் பாயசமாக்க வேண்டாம், அது கெட ஆரம்பித்திருக்கும்.

குழையவேண்டியது போய்ப் பசையாகிவிட்டது

கரண்டியை எடுத்தால் நூலாக இழுக்கிறதா? கௌஞீன் வாங்கிவிட்டீர்கள், அதாவது ஒட்டரிசி. பொங்கல் குழைவாக வரட்டும் என்று நினைத்து அதை வாங்குகிறவர்கள் உண்டு. அதில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து அநேகமாகக் கிடையாது, எல்லாம் ஒட்டுகிற வகைதான். பொங்கலின் குழைவு வேறு, ஒட்டரிசியின் பசை வேறு. பாசிப்பருப்பைத் தனியாக மலர வேகவைத்துக் கலந்தால் பிசுக்கு கொஞ்சம் குறையும். அதைவிட நல்ல யோசனை, பொங்கல் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, தேங்காய்க் கீற்றும் எள்ளும் தூவி, தட்டில் பரப்பித் துண்டு போட்டுவிடுங்கள். பர்மாக்காரர்களின் ஷ்வே தமின் ஏறக்குறைய அதுதான், ஒட்டரிசி, வெல்லம், தேங்காய். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் பெருமையாகவே வாங்கிக்கொள்வார்கள்.

நூல் இழுக்கவில்லை, வெறும் கூழாக இருக்கிறது என்றால் தண்ணீர் அதிகம், அல்லது கிண்டியது அதிகம். நெய்யில் வறுத்த ரவை ஒரு கைப்பிடி சேர்த்தால் பிடித்துக்கொள்ளும்.

அடிப்பிடித்துவிட்டது

இங்கே விற்கும் மெல்லிய அலுமினியப் பானையும் கரி அடுப்பும் சேர்ந்தால் இது நடந்தே தீரும். பாலின் புரதம் அடியில் படிந்து, அங்கேயே தீய்ந்து, மேலே இருப்பதற்கெல்லாம் வாடையை அனுப்பும்.

வாடை வந்த நொடியில் கிண்டுவதை நிறுத்துங்கள். பலரும் அப்போதுதான் பதறிப்போய் அடிவரை சுரண்டுவார்கள், கெடுவதே அந்தச் சுரண்டலில்தான். பானையை இறக்கி, மேலே இருப்பதை அப்படியே வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து ஊற்றுங்கள். கடைசிக் கால் பங்கை ஊற்றவே வேண்டாம். ஊற்றியதை ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். லேசான வாடை என்றால் ஏலக்காயும் நெய்யில் பொரித்த முந்திரியும் மறைத்துவிடும். தொண்டையில் கசப்பு நின்றால் மறைக்க எதுவும் கிடையாது.

அடுத்த தடவைக்கு: கரியின் மேல் சாம்பலைத் தூவி மூடினால் தீ அடங்கும். பானைக்கும் அடுப்புக்கும் நடுவே பழைய தோசைக்கல்லை வைத்துவிட்டால் சூடு ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். இந்தத் தோசைக்கல் உபாயம் தெரிந்தபிறகு கனமான வெண்கலப் பானைக்கு ஆசைப்படத் தேவையில்லை. பால் ஊற்றுமுன் பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றுவதும் உதவும். கரி நன்றாகக் கனிந்து புகை நின்றபிறகு பாலை வையுங்கள், பால் புகை வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மேலே எண்ணெய் மிதக்கிறது

நெய் தாராளமாக விட்ட பொங்கலில் மிதந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். நெய்யே விடாத பால் பாயசத்தில் மஞ்சளாக வட்டம் வட்டமாக மிதந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். டீக்கடைகளுக்கென்று வரும் மலிவான டின்களில் பல உண்மையில் பால் அல்ல. பால்கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயில் சேர்த்த கிரீமர். பொருள் பட்டியலில் "சா ஓன் ஸீ" (பாமாயில்) என்று பர்மிய எழுத்தில் இருந்தால் அதுதான். தேநீருக்கு அது போதும். அடுப்பில் நெடுநேரம் கொதிக்கும்போது எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும், பாயசமும் நாக்கில் மெழுகாக ஒட்டும். மேலே மிதப்பதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, கொஞ்சம் முழுக் கொழுப்புப் பால்பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி அடித்தால் ஓரளவு சேர்ந்துகொள்ளும். கிரீமர்தான் கையில் இருக்கிறது என்றால் அதைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின் சேர்க்கவும்.

பாயசம் நீர்க்க நிற்கிறது

சூடாக இருக்கும்போது நீர்க்கத்தான் இருக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் தண்ணீராக இருந்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இல்லையென்றால் அரிசி உடையவில்லை. வெந்த அரிசியில் இரண்டு கரண்டி எடுத்து மசித்துத் திரும்பக் கலக்குங்கள். கார்ன்ஃப்ளவர் வேண்டாம், பாயசம் கஞ்சி போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

ஆறியதும் இறுகிவிட்டது

இதற்கு மூன்று காரணம் உண்டு. எது என்று தெரிந்தால்தான் வைத்தியம். ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் காட்டிச் சூடேற்றுங்கள்.

சூடேறியதும் இளகி, நெய் பளபளவென்று வெளியே வந்தால் ஒன்றும் ஆகவில்லை, நெய் உறைந்திருக்கிறது. தை மாதம் இங்கே குளிர்காலம், விடியற்காலையில் டப்பாவில் இருக்கிற நெய்யே கட்டியாகத்தானே கிடக்கிறது. சூடாகப் பரிமாறினால் தீர்ந்தது.

இளகுகிறது, ஆனால் வறட்சியாக இருக்கிறது என்றால் அரிசி தண்ணீரை உறிஞ்சிவிட்டது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், அது அதன் இயல்பு. சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். இதனால்தான் அடுப்பிலிருந்து இறக்கும்போது, இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே என்று தோன்றுகிற பதத்திலேயே இறக்க வேண்டும்.

சூடேற்றினாலும் இழுபடுகிறது, மிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டுகிறது என்றால் பாகு முற்றிவிட்டது. சர்க்கரைப் பொங்கலுக்குப் பாகு பதமே தேவையில்லை. வெல்லம் கரைந்து, வடிகட்டி, ஒரு கொதி வந்தால் போதும். கம்பிப் பதம் வரை விட்டவர்கள் பாதி டப்பா சூடான தண்ணீரை ஊற்றி, மூடிபோட்டு, மெல்லிய தீயில் வைத்து இளக்கலாம். அரிசி நன்றாக வெந்திருந்தால் மீளும். அரைவேக்காட்டு அரிசியில் முற்றிய பாகு சேர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பல்லில் மணல் நெறிகிறது

வெல்லத்தை வடிகட்டாமல் போட்டிருக்கிறீர்கள். வெண்மையாக, சுத்தமாகத் தெரிகிற உருண்டையிலும் பனந்தும்பும் மண்ணும் இருக்கும். கரைத்து, மெல்லிய துணியில் வடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலாக ஊற்றுங்கள். அடியில் தங்குகிற கடைசி இரண்டு கரண்டிக்கு ஆசைப்பட வேண்டாம். பொங்கலில் கலந்தபின் மணலை எடுக்க வழி கிடையாது.

கவுனி அரிசி வேகவில்லை, அல்லது நிறம் மாறிவிட்டது

கவுனி இல்லாமல் செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தி கிடையாது. அந்தக் கறுப்பு அரிசி இங்கிருந்து செட்டியார்களோடு கப்பலேறிப் போனதுதான். ரங்கூன் தெருவில் காலையில் எள்ளும் உப்பும் தேங்காயும் தூவி விற்கிற ஙச்செய் அதேதான். நமக்கு வீட்டு வாசலில் கிடைக்கிறது, ஆனாலும் அதைச் சரியாக வேகவைப்பவர்கள் குறைவு.

தவிடு நீக்காத அரிசி அது. வெளித்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள், நிறமெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும். அதனால் ஊறவைக்குமுன்னாலேயே நன்றாகக் கழுவிவிட வேண்டும். குக்கரில் ஆறேழு விசில், அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும். இனிப்பு போடும் நேரத்தில் வெள்ளை அரிசிக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும். அரைவேக்காட்டில் சர்க்கரை விழுந்தால் கவுனி தோலோடு கடுக்கென்று நிற்கும்.

சீக்கிரம் வேக ஆப்பசோடா போட்டவர்கள், கருஞ்சிவப்பு போய் நீலமும் பச்சையுமாக மாறியதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப்பொருளில் நீலமாகும். கெட்டுப்போகவில்லை. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் திரும்பும். பால் சேர்க்கிற எண்ணம் இருந்தால் மட்டும் எலுமிச்சை வேண்டாம், மேலே சொன்ன திரிகிற கதைக்குப் போய்விடும். கவுனிக்குத் தேங்காய்த் துருவலும் நெய்யும் போதும், பால் தேவையே இல்லை என்பது என் கட்சி.

பொங்கல் அன்று பானை பொங்கவே இல்லை

குடும்பமே சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருக்கும்போது பால் வெறுமனே குமிழி விட்டுக்கொண்டு நிற்கும். சகுனம் என்று பெரியவர்கள் முகம் மாறும். காரணம் சாதாரணமானது. பானை பெரிது, பால் கொஞ்சம். அல்லது வாய் அகன்ற பாத்திரம், நுரை ஏறுமுன் உடைந்துவிடுகிறது. அல்லது தீ போதவில்லை. கழுத்துக் குறுகிய பானையில் முக்கால் பங்குக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, விறகோ கரியோ நன்றாக எரியும்போது ஏற்றுங்கள். பொங்கவைக்க மட்டுமாவது பசும்பாலாக இருக்கட்டும். கிரீமரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் பொங்கவில்லை என்று சூரியனைக் குறை சொல்ல முடியாது. பொங்கி வழிந்தபின் தீயைக் குறைத்து அரிசியைப் போடுங்கள்.

மறுநாள் புளித்த வாடை

பால் சேர்ந்தது சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் கரண்ட் இல்லாத நேரம் கணக்கில் சேரும். வெந்த அரிசியில் வளர்கிற ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது, வாடை வராமலேயே வயிற்றைக் கெடுக்கும். பாலே சேர்க்காமல் வெல்லமும் நெய்யும் மட்டும் விட்ட பொங்கல் கொஞ்சம் தாங்கும், அதுவும் மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். தங்கையோ அத்தையோ வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் பாலைத் தனியாகக் கட்டிக் கொடுத்து, அங்கே போய்க் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மருந்து வாடை அடிக்கிறது

பச்சைக் கர்ப்பூரம் கூடிவிட்டது. ஒரு டப்பா அரிசிப் பொங்கலுக்குக் கடுகளவுக்கு மேல் வேண்டாம், அதையும் ஒரு கரண்டி சூடான நெய்யில் கரைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கையால் நொறுக்கித் தூவினால் ஒரு கவளத்தில் ஒன்றும் இருக்காது, அடுத்த கவளத்தில் தலைவலித் தைலம் இருக்கும். தெயிஞ்சி மார்க்கெட்டின் மருந்துக் கடைகளில் கர்ப்பூரம் என்று பொதுவாகக் கேட்டால் பூஜைக்கு ஏற்றுகிறதையும் எடுத்துத் தருவார்கள். அது சாப்பிடக்கூடியது அல்ல. சமையலுக்கு என்று சொல்லி, கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கர்ப்பூரம் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, அவர்கள் பங்கை முன்னாலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கூடிப்போன வாடையை எடுக்க முடியாது, நீர்க்கச் செய்யத்தான் முடியும். கர்ப்பூரமே இல்லாமல் இன்னொரு டப்பா அரிசியில் பொங்கல் வைத்து இதோடு கலந்து பாருங்கள். அப்போதும் மூக்கில் ஏறினால் இன்னும் அரை டப்பா. அதற்குள் பானை நிறைந்துவிடும், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கும், கிண்ணங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.